மெட்ராஸில் பிறந்த ஹெரால்டு... ஆடி மாசக் கெடுவும் தாத்தா காரும்!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது புதுப்பேட்டை. கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களுக்குள் நுழைந்ததுமே காற்றில் கிரீஸ் வாசனை ஏறிவிடும். சுவரோரம் சாய்த்து வைத்த கார் கதவுகள், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட சைடு மிரர்கள், மூட்டை மூட்டையாகக் கியர் சக்கரங்கள், பாதி திறந்த ஷட்டருக்குள் அடுக்கி வைத்த இன்ஜின்கள் என எங்கு திரும்பினாலும் வண்டிகளின் உள்ளுறுப்புகள்தான்.

சென்னையில் ஓடி ஓய்ந்த வாகனங்களில் பல கடைசியாக வந்து சேரும் இடம் இது. முழுசாக வரும் வண்டி இங்கே பிரிக்கப்பட்டு, கதவு ஒரு கடைக்கு, சீட்டு ஒரு கடைக்கு, இன்ஜின் ஒரு கடைக்கு என்று போய்விடும். மிச்சம் இரும்பு எடைக்கு.

பொதுவாக இங்கே வருகிறவர்கள் மெக்கானிக்குகள், டாக்ஸி ஓட்டுநர்கள், மலிவு விலையில் பாகம் தேடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, கையில் ஒரு துணிப்பையோடு, எந்தக் கடையில் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் இன்னொரு வகை மனிதர்களும் உண்டு. வீட்டில் தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன பழைய கார் ஒன்று நிற்கும். அதை ஓடவைத்தே தீருவது என்று கிளம்பி வந்திருப்பார்கள். ஸ்பேனர் பிடித்த பழக்கம் இருக்காது.

குரோம்பேட்டையைச் சேர்ந்த 27 வயது வங்கி ஊழியர் ஒருவரும் தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் அப்படித்தான் இங்கே வந்து நின்றார். அவருடைய பையில் துருப்பிடித்த பிரேக் சிலிண்டர் ஒன்று இருந்தது.

"என்ன வண்டிமா?" என்றார் கடைக்கார பாய்.

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பாய்."

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வண்டி?"

"தாத்தாவோடது."

"வித்துடாத. ஆனா இது இங்க கிடைச்சிடும்னும் நம்பிடாத" என்றவர், ஒரு துண்டுச் சீட்டில் பல்லாவரத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக்கின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வண்டலூர் பக்கத்து கார்

ஹெரால்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்பாசிடர், ஃபியட் என்ற இரண்டு பெயர்களைத் தாண்டி, அந்தக் கால இந்தியச் சாலைகளில் மூன்றாவதாக ஓடிய கார் அது. அம்பாசிடர் கல்கத்தா பக்கத்துக் கார், ஃபியட் பம்பாய் கார் என்றால், ஹெரால்டு நம்ம மெட்ராஸ் கார்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், 1948-இல் மெட்ராஸில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அதே வருடத்தில்தான் எண்ணூர் பக்கம் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸும் பிறந்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. இன்று கார் நகரம் என்று பேர் வாங்கியிருக்கும் சென்னைக்கு அந்த வருடத்திலேயே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஆலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது. வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று சில மாடல்களைச் செய்த அந்த ஆலை, 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியான கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. நான்கு சிலிண்டர், 948 சி.சி. இன்ஜின். முதலில் இரண்டு கதவு. பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு மாடலும் வந்தது.

இந்தக் காரின் கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு கார்களுக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. ஒரே துண்டாக பாடி செய்து தர ஆளில்லை. அதனால் ஹெரால்டைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, தனி சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டவும் அது வசதியாகப் போனது.

வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவுதான், ஐம்பது அறுபது வருடம் கழித்து இந்தக் காரைக் கையில் எடுக்கும் புதியவர்களைக் காப்பாற்றுகிறது. கெட்டுப்போன பகுதியை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். பானெட்டோ இன்னும் வசதி. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம்.

22,000 ரூபாயா... வண்டியா?

குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் நின்றது 1967 மாடல், இரண்டு கதவு. க்ரீம் நிறம். தாத்தா ஸ்டாண்டர்டு ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். புதுக் கார் வாங்குகிற வசதி அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாரோ ஓட்டி விற்ற வண்டியைத்தான் வாங்கினார். எண்பதுகளின் இறுதியில் ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது வேலை போயிற்று. வீட்டிலிருந்த நகைகளில் பாதி அடகுக் கடைக்குப் போனது. காரை மட்டும் அவர் விற்கவில்லை. அதற்காக அவரிடம் பாட்டி ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை என்று வீட்டில் இப்போதும் சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தாத்தா காலமானார். கார் ஷெட்டிலேயே நின்றது. இந்த வருடம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆவணியில் பூமி பூஜை. அதற்குள் வீடு காலியாக வேண்டும், ஷெட்டும்தான்.

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு 22,000 ரூபாய் என்றார். மாமா சரி என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை. பேத்தி மட்டும் வேண்டாம் என்றார்.

சட்டப்படி அந்தக் காரில் மாமாவுக்கும் பங்கு உண்டு. அவர் கையெழுத்துப் போடாமல் பேத்தி பெயருக்கு ஆர்.சி. மாறாது. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாமா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஆடி முடியறதுக்குள்ள அது தானா ஓடி கேட்டுக்கு வெளிய வரணும். டோ பண்ணி இழுத்துட்டுப் போற கதையெல்லாம் வேணாம். வரலைன்னா காயலான் கடைக்காரனுக்கு போன் போடுவேன்."

கையில் இருந்தது ஏழு மாதம்.

சாவியைத் தொடாதே!

பல்லாவரம் மெக்கானிக்குக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டது. எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஷெட்டுக்கு வந்தவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பாப்பா, ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதி.

பழைய கார் கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் தவறு அதுதானாம். புது பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகிவிடுவார்கள். பல வருடம் அசையாமல் இருந்த பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் பலவந்தமாகச் சுற்றினால் வளையம் உடையும், சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

மேஸ்திரி சொன்ன முறையே வேறு. நான்கு ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, அப்படியே சில நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையவில்லையா, மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. ஹெரால்டு எட்டாவது நாள் அசைந்து கொடுத்தது.

அதற்கிடையே பெட்ரோல் டேங்க்கை இறக்கினார்கள். உள்ளே பெட்ரோல் கெட்டுப்போய், வார்னிஷ் போல ஒரு பிசின்தான் மிச்சமிருந்தது. அடியில் துரு. அதைக் கழுவாமல் புது பெட்ரோல் ஊற்றியிருந்தால், அத்தனை துருவும் கார்புரேட்டருக்குள் போயிருக்கும். பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் மேஸ்திரி. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க்கில் மாதக்கணக்கில் பெட்ரோலை விட்டுவைக்கவும் கூடாது.

அடுத்து இன்ஜின் வேலை என்று பேத்தி நினைத்திருந்தார். மேஸ்திரி சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்.

"ஓடற வண்டிய நிறுத்த முடியலன்னா என்னத்துக்கு ஆகும்? மொதல்ல பிரேக்கு."

நான்கு சக்கர சிலிண்டர்களும் இறுகிக் கிடந்தன. புதுப்பேட்டைக்குப் பையில் போனது அவற்றில் ஒன்றுதான். பாய் சொன்னபடியே அங்கே அது கிடைக்கவில்லை. கடைசியில் லேத் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த துளையைக் கடைந்து உள்ளே புது ஸ்லீவ் போட்டார்கள். ரப்பர் கப்புகள் மட்டும் புதிது.

வயரிங்கில் பாதியை எலி தின்றிருந்தது. இங்கேதான் பேத்தியின் பொறுமை உதவியது. பழைய பிரிட்டிஷ் கார்களின் வயர்களுக்கு நிறக் கணக்கு உண்டு. பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு. சாவி போட்டதும் உயிர்பெறுவது வெள்ளை. ஹெட்லைட்டுக்கு நீலம். எர்த் கறுப்பு. இதைத் தெரிந்துகொண்டதும், இரவில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டே போய் நோட்டில் படம் போட்டார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருந்தது. பேட்டரி மாட்டுவதற்கு முன்பு அதைச் சரிபார்க்காவிட்டால் செலவு இரட்டிப்பாகும்.

ஹார்லிக்ஸ் பாட்டில் பாடம்

மார்ச் மாதம் முழுக்க ஒரு சின்ன விஷயம் பாடாய்ப் படுத்தியது. ஆன்லைனில் வாங்கிய ஸ்பேனர் செட் எந்த நட்டிலும் சரியாக உட்காரவில்லை. 13 மில்லி ஸ்பேனர் உள்ளே போகும், ஆனால் ஆடும். அழுத்தினால் நட்டின் முனை மழுங்கும்.

மழுங்கிய நட்டு ஒன்றை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாட்டி உள்ளே போய் பரண் மேலிருந்து மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களை இறக்கச் சொன்னார். உள்ளே நட்டும் போல்ட்டும். மேலே ஒட்டிய காகிதத்தில் தாத்தாவின் கையெழுத்து. 7/16, 1/2, 9/16.

"எல்லாம் இஞ்ச் கணக்கு கண்ணு. மில்லி ஸ்பேனர் போட்டா உங்க தாத்தா கத்துவாரு."

அரை இன்ச் என்பது 12.7 மில்லி. 13 மில்லி ஸ்பேனர் ஏன் ஆடியது என்று அப்போதுதான் புரிந்தது. போல்ட்டின் மரையும் இஞ்ச் கணக்குதான். மெட்ரிக் போல்ட்டை அதில் கட்டாயப்படுத்தி ஏற்றினால் இரண்டு சுற்றுப் போகும், மூன்றாவது சுற்றில் மரையே போய்விடும். ஒரே வாரத்தில் பழைய இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைக்குத் திரும்பும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான் அவருக்கு அடுத்த பள்ளிக்கூடம். ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வரிசையாக உதிரி பாகக் கடைகள். இங்கே காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, அளவைச் சொல்லிக் கேட்பது பலன் தரும். பேரிங் என்றால் அதன் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு 6204 என்றால் உள்விட்டம் 20 மில்லி, வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவுதான். ஹெரால்டு உதிரி பாகம் என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிய கடைக்காரர்கள், எண்ணைச் சொன்னதும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார்கள். ஆயில் சீல், ஃபேன் பெல்ட், ரப்பர் குழாய் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போகிறவர்களுக்கு அங்கிருக்கும் அனுபவசாலிகள் சொல்லும் புத்திமதிகள் சில உண்டு. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். இன்ஜின், சேசிஸ் போல எண் பொறித்த பாகங்களை ஆவணம் இல்லாமல் தொடவே கூடாது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் படம் எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டு, மேலே எழுதி வைக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் ஒரே மூச்சாகக் காரைப் பிரித்துப்போட்டு, திரும்பப் பூட்ட முடியாமல் சாக்கு மூட்டையாக விற்றவர்கள் நிறைய பேர்.

"மாருதி இன்ஜின் போட்டுடலாமா?"

மே மாதக் கடைசியில் இன்ஜின் ஒரு வழியாக உறுமியது. சந்தோஷம் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பின்னால் நீலப் புகை மண்டியது. இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் வளையங்களில் இரண்டு உடைந்திருந்தன. சிலிண்டர்களும் நன்றாகத் தேய்ந்திருந்தன.

மேஸ்திரி இரண்டு வழி சொன்னார்.

முதலாவது, பழைய மாருதி இன்ஜின் ஒன்றை வாங்கி இதற்குள் உட்காரவைப்பது. புதுப்பேட்டையில் சுலபமாகக் கிடைக்கும். மூன்று வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். பழைய கார் வைத்திருக்கும் பலர் செய்திருப்பது அதைத்தான்.

இரண்டாவது, இருக்கும் இன்ஜினையே சீர் செய்வது. சிலிண்டரின் 63 மில்லி விட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்களைத் தேட வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டும். ட்ரையம்ஃப் ஹெரால்டு ஓட்டுகிறவர்கள் அங்கே இன்னும் இருப்பதால் பாகங்களும் விற்பனைக்கு இருக்கின்றன. ஆனால் செலவு அதிகம், சுங்க வரி தனி. எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆடி பிறக்க ஆறு வாரம்தான் இருந்தது. மாமா முதல் வழியைத்தான் சொன்னார். "ஓடணும்னுதானே சொன்னேன். எந்த இன்ஜின்ல ஓடணும்னா சொன்னேன்?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. சேமிப்பில் பாதி ஏற்கெனவே கரைந்திருந்தது. இருந்தாலும் பேத்தி இரண்டு காரணங்களை யோசித்தார். ஒன்று காகிதம் சம்பந்தப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, புத்தகத்தில் பதிய வேண்டும். அதோடு, பின்னால் எப்போதாவது விண்டேஜ் பிரிவில் பதிய நினைத்தால், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் பழையபடி இருந்தாக வேண்டும்.

இன்னொரு காரணத்தை மாமாவிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. மேஸ்திரியிடம்தான் சொன்னார். "அது தாத்தா கை பட்ட இன்ஜினாக்கூட இருக்கலாம்ல?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "இருக்கலாம். அங்க ஆயிரம் பேரு வேல பாத்தாங்க. இருந்தாலும் இருக்கலாம்" என்றவர், அன்று மாலையே பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். ஸ்டாண்டர்டு வண்டிகளை வைத்திருப்பவர்கள், அவற்றை வேலை பார்த்தவர்கள் என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். பத்து நாள் கழித்து கோயம்புத்தூரில், மூடிவிட்ட ஒரு கடையின் சரக்கில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காத ஓவர்சைஸ் பிஸ்டன் செட் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது.

பேத்தி சனிக்கிழமை காலை ரயிலில் போய்க் கையோடு வாங்கி வந்தார். போன இடத்தில், அவினாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்கும் ஒரு நடை போனார். விஞ்ஞானி ஜி.டி.நாயுடுவின் பெயரிலான அறக்கட்டளை 2015-இல் திறந்த அருங்காட்சியகம் அது. நூறு வருடத்துக் கார் வரலாற்றைக் கண்ணெதிரே பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்கள் வடபழனியில் 2023-இல் திறக்கப்பட்ட ஏவி.எம் ஹெரிட்டேஜ் மியூசியத்தில் பழைய கார்களைப் பார்க்கலாம். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒரு முறையாவது இப்படிப் போய், ரப்பர் பீடிங் எப்படி உட்கார வேண்டும், க்ரோம் பட்டை எங்கே முடிய வேண்டும் என்று கவனித்து வருவது நல்லது. செல்போன் படத்தில் அது பிடிபடாது.

காகிதமும் ஒரு பாகம்தான்

வண்டி வேலையில் கவனமாக இருந்துவிட்டு, காகித வேலையில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். உரிமையாளர் இறந்துவிட்டால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். இந்தக் குடும்பம் இரண்டு வருடம் தாமதித்திருந்ததால் அதற்கான தண்டத்தையும் கட்ட வேண்டியிருந்தது.

அடுத்து பதிவுப் புதுப்பிப்பு. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி. ஆய்வாளர் நேரில் வண்டியைப் பார்ப்பார். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, சேசிஸ் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்திடுவார்.

50 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ' என்று வரும். ஆனால் அந்தப் பிரிவில் பதிந்த காரைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.

பேத்தி சாதாரணப் பதிவையே புதுப்பித்தார். பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக, கண்காட்சி வரும்வரை காத்திருக்க முடியாதே! மெட்ராஸ் ராஜ்ஜியம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். இந்தக் கார் அதற்கும் முந்தியது. 'எம்.எஸ்' என்று தொடங்கும் அந்தப் பழைய நம்பரே தொடர்வதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஆடி 28

பெயின்ட்டுக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. டிங்கர் கதவின் அடிப்பக்கத் துருவை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, ப்ரைமர் அடித்ததோடு நிறுத்திக்கொண்டார். பட்டி போட்டு மூடிவிடலாம் என்று அவர் சொன்னதை மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. "துரு மேல பட்டி வெச்சா உள்ள இருந்துக்கிட்டே தின்னும். அசிங்கமா தெரிஞ்சாலும் பரவால்ல, இப்படியே இருக்கட்டும்." அதனால் கார் முழுக்க மங்கிய க்ரீம், கதவுகளின் அடியில் மட்டும் சாம்பல் திட்டு.

ஆடி 28, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணி. ஷெட்டிலிருந்து ஹெரால்டு தானாகவே வெளியே வந்தது. கேட்டைத் தாண்டும்போது ஒரு முறை அணைந்து, மறுபடி கிளம்பியது. மாமா லுங்கியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அணைஞ்சா கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார். முன் சீட்டில் பாட்டி.

ஜி.எஸ்.டி. ரோட்டில் 40-ஐத் தாண்டக் கூடாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். புதுப் பிஸ்டன் பழகும்வரை இன்ஜினை விரட்டக் கூடாது. இந்தக் காரின் பின் சக்கர அமைப்பு வேறு மாதிரி என்பதால், வளைவில் வேகமாகப் போய் திடீரென்று பிரேக் அடிக்கவும் கூடாது. பின்னால் வந்த ஆம்னி பஸ்கள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின. பைக்கில் போன இரண்டு பையன்கள் கூடவே வந்து வீடியோ எடுத்தார்கள். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர்.

ஸ்டாண்டர்டு ஆலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். சைரனும் கிடையாது, ஷிப்ட் விட்டு வரும் சைக்கிள் கூட்டமும் கிடையாது. எதிரே காரை ஓரம்கட்டினார் பேத்தி. செக்யூரிட்டி எழுந்து வந்து, "இங்க நிறுத்தக் கூடாதும்மா" என்று ஆரம்பித்தவர், வண்டியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

"பழசா?"

"இங்க செஞ்சதுதாங்க" என்றார் மாமா, பின் சீட்டிலிருந்து.

பாட்டி கண்ணாடியை இறக்கி அந்த உயரமான கட்டடங்களை ஒரு நிமிடம் பார்த்தார். அழுவார் என்று பேத்தி பயந்திருந்தார். அவர் டாஷ்போர்டைத்தான் ஒரு தடவை கையால் துடைத்துவிட்டார்.

"அப்போ பால் பணம் குடுக்கல, கரன்ட்டு பில்லு கட்டல. இதுக்கு மட்டும் மாசாமாசம் பாலீஷ் வாங்குவாரு உங்க தாத்தா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கெளம்பு. வெயில் ஏறுறதுக்குள்ள இதுல ஒரு ரவுண்டு மெரினாவுக்குப் போயிட்டு வந்துடலாமா?"